மைக் செட்டுக்கு டெண்டர் உண்டு, பாடுபவருக்கு? கலைக்கான அரசுப் பணம் எப்படிப் பிரிகிறது

பங்குனி பிறந்துவிட்டால் அஞ்சுகிராமம் பக்கம் சுவர்களில் காலி இடம் கிடைப்பது கஷ்டம். சுடலைமாடன் கோயில் கொடை, இசக்கியம்மன் கோயில் கொடை என்று வரிசையாகப் போஸ்டர்கள். மேலே சாமி படம், நடுவில் நிகழ்ச்சி நிரல், கீழே கொஞ்சம் பெரிய எழுத்தில் அந்த வருஷத்து வில்லிசைக் குழுவின் பெயர். குமரி மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், திருநெல்வேலி மாவட்டத்தை ஒட்டி இருக்கும் ஊர் என்பதால் இரண்டு பக்கத்துக் குழுக்களும் இங்கே வந்து பாடும்.

எந்தக் குழுவைக் கூப்பிடுவது என்பதை ஊர் எப்படி முடிவு செய்கிறது? வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டுக் காசு சேர்க்கிறார்கள். கமிட்டி கூடுகிறது. "போன வருஷம் வந்த அண்ணாவி பாதி ராத்திரியிலேயே கதையை முடிச்சிட்டாருல்லா?" என்று ஒருவர் கிளப்புவார். "லே, அவருக்குத் தொண்டை கட்டிருந்து மக்கா" என்று இன்னொருவர் சமாளிப்பார். சண்டை போட்டுத்தான் முடிவு வரும். கொடை முடிந்ததும் வரவு செலவை ஊர் முன்னால் வாசிப்பார்கள். நோட்டீஸ் அடித்துக் கொடுக்கும் ஊர்களும் உண்டு. குறை இல்லாத முறை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சாதி, சொந்தபந்தம் எல்லாம் இதிலும் உண்டு. ஆனால், பணம் எவ்வளவு, யாருக்குப் போனது, ஏன் அவருக்கு என்ற மூன்று கேள்விகளையும் வரி கொடுத்தவர் நேருக்கு நேர் கேட்க முடியும்.

இதே குழு அரசாங்க மேடையில் ஏற வேண்டும், அரசாங்க உதவித்தொகை வாங்க வேண்டும், விருது பெற வேண்டும் என்றால் கதை வேறு. முடிவு எடுக்கும் மேஜை சுமார் 700 கிலோமீட்டர் தள்ளி சென்னையில் இருக்கிறது. அந்த மேஜையில் மூன்றாவது கேள்விக்கு, அதாவது "ஏன் அவருக்கு?" என்பதற்கு, பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் பெரிதாக இல்லை.

பணம் எந்த வழியாக வருகிறது?

முதலில் மாநில அரசு. சுற்றுலா, பண்பாடு, அறநிலையங்கள் துறையின் கீழே 1991-ல் உருவானது கலை பண்பாட்டு இயக்ககம். அதன் தலைமை அலுவலகம் எழும்பூரில், தமிழ் வளர்ச்சி வளாகத்தில் இருக்கிறது. இயக்ககத்துக்குக் கீழே மண்டல கலை பண்பாட்டு மையங்கள் உண்டு. குமரி மாவட்டத்துக்கான மையம் திருநெல்வேலியில். அஞ்சுகிராமத்தில் இருந்து ஒரு மனுவோடு போய்வர ஒரு நாள் கூலி போய்விடும்.

மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையில் மாவட்டக் கலை மன்றம் இயங்குகிறது. கலை இளமணி, கலை வளர்மணி, கலை சுடர்மணி, கலை நன்மணி, கலை முதுமணி என்று வயதுவாரியாக ஐந்து விருதுகளை இந்த மன்றம் வழங்குகிறது. 18 வயதுக்குள் இருந்தால் இளமணி, 66-ஐத் தொட்டால் முதுமணி. கிராமத்துக் கலைஞர்களுக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும் அரசு அங்கீகாரம் பெரும்பாலும் இதுதான்.

அடுத்தது சென்னை கிரீன்வேஸ் சாலையில் இருக்கும் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம். 1955-ல் சங்கீத நாடக சங்கம் என்ற பெயரில் தொடங்கியது. கலைமாமணி விருது இங்கிருந்துதான் வருகிறது. நலிந்த நிலையில் உள்ள கலைஞர்களுக்கான மாத உதவித்தொகையும் இந்த வழியாகத்தான். 2,000 ரூபாயாக இருந்த அந்தத் தொகை பின்னர் 3,000 ஆனது. இசைக்கருவி, ஆடை அணிகலன் வாங்க 10,000 ரூபாய் வரை உதவி தரும் திட்டமும் உண்டு.

மூன்றாவது, 2007-ல் அமைக்கப்பட்ட நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம். இதில் பதிவு செய்து அட்டை வாங்கினால் பிள்ளைகளின் படிப்பு, திருமணம், விபத்து, ஈமச்சடங்கு போன்றவற்றுக்கு உதவி கிடைக்கும்.

மத்திய அரசுப் பக்கம் பார்த்தால் 1953-ல் தொடங்கிய சங்கீத நாடக அகாடமி டெல்லியில். தென்னகப் பண்பாட்டு மையம் தஞ்சாவூரில். மத்திய கலாச்சார அமைச்சகம் மூத்த கலைஞர்களுக்கு மாதம் 6,000 ரூபாய் வரை தருகிறது. 60 வயது ஆகியிருக்க வேண்டும், ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மாதத்துக்கு 6,000 சம்பாதித்தால்கூட அந்தக் கோட்டுக்கு வந்துவிடுவார் என்பதைக் கணக்குப் போட்டால், யாருக்கான திட்டம் என்பது புரியும்.

சென்னையின் டிசம்பர் சீசன் சபாக்கள் இந்தப் பட்டியலில் வராது. அவை பெரும்பாலும் தனியார் சங்கங்கள். அங்கே யார் பாட வேண்டும் என்று அரசு கேட்க முடியாது. உறுப்பினர்களும் ஸ்பான்சர்களும்தான் கேட்க முடியும்.

கணக்கு கேட்பது யார்?

அரசுப் பணம் எங்கே போனாலும் அதன் பின்னாலேயே சிஏஜி எனப்படும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் போவார் என்று பொதுவாக ஒரு நினைப்பு இருக்கிறது. பாதிதான் சரி. அரசுத் துறைகளின் செலவை சிஏஜி தணிக்கை செய்வார். அரசு மானியம் வாங்கும் வெளி அமைப்புகள் விஷயத்தில் 1971-ம் ஆண்டு சிஏஜி சட்டம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது: மானியம் குறைந்தது 25 லட்சமாக இருக்க வேண்டும், அது அந்த அமைப்பின் மொத்தச் செலவில் 75 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அல்லது ஒரு கோடிக்குக் குறையாத மானியமாக இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருக்கும் சின்னச் சின்ன அமைப்புகள் 'பயன்பாட்டுச் சான்றிதழ்' என்ற ஒரு தாளைக் கொடுத்தால் போதும். கொடுத்த பணத்தைக் கொடுத்த காரியத்துக்கே செலவு செய்தோம் என்று ஆடிட்டர் கையெழுத்தோடு வரும் தாள் அது.

தணிக்கையாளர் என்ன பார்ப்பார்? ரசீது இருக்கிறதா, விதிப்படி ஒப்புதல் வாங்கினார்களா, டெண்டர் விட்டார்களா. தமிழ்நாட்டில் 1998-ம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. ஒரு கலை விழாவுக்குப் பந்தல், மைக் செட், ஜெனரேட்டர் என்று அரசு எதையாவது பெரிய அளவில் வாங்கினால் அல்லது வாடகைக்கு எடுத்தால், அதற்கென்று எழுதி வைத்த நடைமுறை உண்டு. யார் கேட்டது, யாருக்குக் கிடைத்தது, என்ன விலைக்கு என்பதற்கு ஃபைல் இருக்கும். கிடைக்காதவர் மேல்முறையீடு செய்யலாம்.

அந்த மைக் முன்னால் நின்று யார் பாடுவது என்பதற்கு அப்படியொரு சட்டம் இல்லை. இருப்பது தேர்வுக்குழுவும் வழிகாட்டு நெறிமுறையும்தான். விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர், எந்த அளவுகோலில் எடுத்தார்கள், விடுபட்டவர் எங்கே போய்க் கேட்பது? இந்தக் கேள்விகள் தணிக்கையாளரின் வேலைப் பட்டியலிலேயே வருவதில்லை. செலவுக்குக் காவல் இருக்கிறது, தேர்வுக்கு இல்லை.

கலாக்ஷேத்ரா: தணிக்கை எதைப் பார்த்தது, எதைப் பார்க்கவில்லை?

இதைப் புரிந்துகொள்ள சென்னையிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் 1936-ல் தொடங்கிய கலாக்ஷேத்ரா, 1993-ம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் 'தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம்' ஆனது. தலைவரையும் நிர்வாகக் குழுவையும் நியமிப்பது மத்திய அரசு. கணக்கு சிஏஜிக்குப் போகும், அறிக்கை நாடாளுமன்றத்துக்குப் போகும். மேற்பார்வை என்று எடுத்துக்கொண்டால் தமிழ்நாட்டில் இதைவிட இறுக்கமான ஏற்பாடு உள்ள கலை நிறுவனம் வேறு இல்லை என்றே சொல்லலாம்.

அந்த வளாகத்தில் உள்ள கூத்தம்பலம் அரங்கத்தைப் புதுப்பிக்கும் வேலை சுமார் 7 கோடி ரூபாயில் நடந்தது. திறந்த டெண்டர் விடாமல் ஒரு கட்டிடக்கலை ஆலோசனை நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்துவிட்டார்கள் என்று தணிக்கையில் ஆட்சேபம் வந்தது. விவகாரம் வருஷக்கணக்கில் இழுத்தது. கடைசியில் மத்திய கலாச்சார அமைச்சகத்தின் புகாரின் பேரில் 2019 டிசம்பரில் சிபிஐ வழக்குப் பதிவு செய்தது. வழக்குப் பதிவு என்பது குற்றச்சாட்டுதான், தீர்ப்பு கிடையாது. இங்கே கவனிக்க வேண்டியது வேறு: ஒரு டெண்டர் கேள்வியை அமைப்பு விடாமல் துரத்தியது. தணிக்கையாளர், அமைச்சகம், சிபிஐ என்று படிப்படியாக மேலே கொண்டு போனது.

2023 மார்ச் மாதக் கடைசியில் அதே வளாகத்தில் மாணவிகள் தரையில் உட்கார்ந்து போராடினார்கள். ஆசிரியர்கள் மீது பாலியல் துன்புறுத்தல் புகார். மாநில மகளிர் ஆணையம் உள்ளே போனது, சட்டப்பேரவையில் முதல்வர் பதில் சொன்னார், மாநிலக் காவல்துறை ஓர் உதவிப் பேராசிரியரைக் கைது செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே.கண்ணன் தலைமையில் விசாரணைக் குழுவும் அமைக்கப்பட்டது.

ஒரு நிறுவனத்தில் டெண்டர் சரியில்லை என்பதைக் கண்டுபிடிக்க ஏற்பாடு இருந்தது. அங்கே படிக்கிற பிள்ளைகள் பயந்துபோய் இருக்கிறார்கள் என்பதைக் கண்டுபிடிக்க, அவர்களே மரத்தடியில் வந்து உட்கார வேண்டியிருந்தது. தணிக்கைப் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் கிடையாது.

கலைமாமணி: 8 வருஷத்துக்கு ஒரே நாளில்

மாநில அரசின் கலைமாமணி விருதுக்கு வருவோம். 2011-ல் இருந்து 2018 வரை எட்டு ஆண்டுகளுக்கான விருதுகள் உரிய காலத்தில் வழங்கப்படவில்லை. 2019-ல் எட்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து மொத்தமாக 201 பேர் அறிவிக்கப்பட்டனர். கலைஞருக்கு 70 வயதில் கிடைக்க வேண்டிய விருது 78-ல் கிடைக்கிறது என்றால், கூட்டத்தில் உட்கார்ந்து கை தட்டுவதோடு விஷயம் முடியாது. விருது இருந்தால் கச்சேரிக்குக் கூடுதல் சம்பளம் கேட்கலாம், போஸ்டரில் பெயருக்கு முன்னால் போடலாம். கொடைக்குக் குழுவை முடிவு செய்யும் ஊர்க் கமிட்டிக்கும் அது ஒரு துருப்புச் சீட்டு. எட்டு வருஷம் அது இல்லாமல் போனது வருமான இழப்பு.

2019, 2020-ம் ஆண்டுகளுக்கான விருதுகள் 2021 பிப்ரவரியில், சட்டப்பேரவைத் தேர்தல் தேதி அறிவிப்புக்குச் சில நாள் முன்பு வழங்கப்பட்டன. அவசரத்தில் தகுதி பார்க்காமல் கொடுத்துவிட்டார்கள் என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு வந்தது. ஓரிரு படங்களில் நடித்தவர்களுக்கெல்லாம் கலைமாமணியா என்ற கேள்வியை 2022 டிசம்பரில் நீதிபதிகளே எழுப்பினார்கள். அதற்கடுத்த மூன்று ஆண்டுகளின் விருதுகள், 2021 முதல் 2023 வரைக்குமானவை, 2025 செப்டம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. இந்த முறை 90 பேர். ஆட்சி மாறினாலும் தாமதம் மட்டும் மாறவில்லை.

விருது வாங்கியவர்களின் தகுதியை இங்கே அளக்கத் தேவையில்லை. தகுதியானவர்கள் நிறையப் பேர் அந்தப் பட்டியல்களில் உண்டு. பிரச்சினை என்னவென்றால், தகுதியானவருக்கும்கூட "உங்களை ஏன் எடுத்தார்கள்?" என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு வரி கிடையாது. காரணம் எழுதி வெளியிட்டிருந்தால், நீதிமன்றம் வரை போயிருக்காது.

சென்னை சங்கமம்: மேடை யாருடையது?

வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, தோற்பாவைக் கூத்து போன்றவை சென்னைப் பூங்காக்களுக்கு வந்தது 2007-ல் தொடங்கிய சென்னை சங்கமம் வழியாக. தமிழ் மையம் என்ற அமைப்பும் மாநில அரசின் சுற்றுலா, பண்பாட்டுத் துறையும் சேர்ந்து நடத்தின. கிராமத்துக் கலைஞர்களை நகரத்துக்கு நடுவில் நிறுத்திய விழா என்ற பெயர் அதற்கு உண்டு. அரசுப் பணத்தை ஒரு தனியார் அமைப்போடு சேர்ந்து செலவு செய்வது சரியா என்ற அரசியல் சர்ச்சையும் கூடவே இருந்தது. 2011-ல் ஆட்சி மாறியது, விழா நின்றது. மறுபடி தி.மு.க. ஆட்சிக்கு வந்த பிறகு, 2023 பொங்கலுக்கு 'சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா' என்ற பெயரில் கலை பண்பாட்டுத் துறையே எடுத்து நடத்தியது. பிறகு மற்ற நகரங்களுக்கும் போனது.

இதில் ஒரு முன்னேற்றம் இருப்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். தனியார் அமைப்பின் கையில் இருந்த தேர்வு துறையின் கைக்கு வந்தது. மாவட்டந்தோறும் குழுக்களைக் கூப்பிட்டு, சில நிமிட வீடியோ எடுத்து, அதை வைத்துத் தேர்வு செய்யும் முறையும் வந்தது. முன்பு இருந்த "யாருக்கு யாரைத் தெரியும்" முறையைவிட இது மேல். ஆனால் வில்லுப்பாட்டை யோசித்துப் பாருங்கள். அது ராத்திரி முழுக்க ஓடும் கதை. வில், குடம், உடுக்கை, தாளம், கட்டை என்று எல்லாரும் செட் ஆகி, காப்பு பாடி, சபைக்கு வணக்கம் சொல்லி முடிக்கவே சில நிமிடம் போய்விடும். சாமியாடி எழுந்து வரும் கட்டத்துக்கு அண்ணாவி எப்படி ஏற்றுகிறார் என்பதில்தான் அவருடைய வித்தை இருக்கிறது. அதை எந்த வீடியோவில் பார்ப்பது? ஆட்டம், அடவு உள்ள கலைகளுக்கு அந்த முறை சாதகம். கதை சொல்லும் கலைகளுக்குப் பாதகம். அளவுகோலை யார் முடிவு செய்தார்கள் என்று கேட்கக் காரணம் இதுதான்.

அஞ்சுகிராமம் பக்கத்துக் கலைஞர்களுக்கு அரசாங்கத்தின் மேற்பார்வை என்றால் முதலில் ஞாபகம் வருவது வேறு. இரவு 10 மணி. ஒலி மாசு விதிகள் 2000-ன்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு விலக்கு தரலாம். ராத்திரிக் கலையை அரசு ஒரு கையால் விருது கொடுத்து வாழ்த்துகிறது, இன்னொரு கையால் சுவிட்சை அணைக்கிறது. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையின் தூக்கமும் நியாயம்தான், அதனால் இதற்குச் சுலபமான பதில் இல்லை.

அட்டை இல்லாதவருக்கு என்ன ஆச்சு?

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிப்பு வந்தபோது தென்மாவட்டங்களில் கொடை சீசன் தொடங்கிக் கொண்டிருந்தது. வில்லுப்பாட்டுக் குழுவின் வருஷ வருமானத்தில் பெரும்பகுதி பங்குனி, சித்திரை, வைகாசியில் வருவது. அந்த மூன்று மாதமும் போனது. வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. அரசு நிவாரணம் அறிவித்தது. யாருக்கு என்பதற்கு நல வாரியப் பதிவேடுதான் அடிப்படை. பதிவு செய்து, புதுப்பித்து வைத்திருந்தவர் பட்டியலில் இருந்தார். பல வருஷம் குடம் அடித்தும் அட்டை எடுக்காதவர் அரசின் கண்ணில் கலைஞரே இல்லை.

இந்தப் பகுதிக்கு இன்னொரு பெயரும் நினைவில் இருக்கிறது: பூங்கனி. அகஸ்தீஸ்வரம் வட்டத்தில், கொட்டாரத்தில் வாழ்ந்தவர். ஆண்களே நடுவில் உட்கார்ந்து பாடிய வில்லுப்பாட்டில் பெண்ணாக முன்வரிசைக்கு வந்து கோயில் கோயிலாகப் பாடியவர். 2018 நவம்பரில், 80 வயதைத் தாண்டிய நிலையில் காலமானார். கடைசிக் காலத்தில் அவர் பிழைத்தது முதியோர் உதவித்தொகையிலும் ரேஷன் அரிசியிலும். முதியோர் உதவித்தொகை அப்போது மாதம் 1,000 ரூபாய். அதைக் கொடுப்பது வருவாய்த் துறை. கலையைக் காக்க இத்தனை அலுவலகம் இருக்கும்போது, அந்தக் கலையின் மூத்த பாடகியைத் தாங்கியது தாலுகா அலுவலகம்.

நேர்மாறாக, நெல்லைச் சீமையில் பிறந்த சுப்பு ஆறுமுகம் நாகர்கோவில்காரரான என்.எஸ்.கிருஷ்ணனோடு சென்னைக்குப் போனார். வானொலி, மேடை, தொலைக்காட்சி என்று வில்லுப்பாட்டை எடுத்துப் போய் 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் பெற்றது அத்தனையும் அவர் திறமைக்கு உரியது. ஆனால் இருவருக்கும் நடுவில் இருந்த தூரத்தில் 700 கிலோமீட்டருக்கும் ஒரு பங்கு உண்டு.

லண்டனில் என்ன நடந்தது?

தலைநகரத்திலேயே கலைப் பணம் தேங்குவது இங்கே மட்டும் உள்ள வியாதி இல்லை. பிரிட்டனில் 1946-ல் கலைக் கவுன்சில் அமைத்தபோது, அரசு பணம் தரும், யாருக்கு என்பதைக் கவுன்சில் முடிவு செய்யும், அமைச்சர் ஒரு கை தூரம் தள்ளி நிற்பார் என்பது ஏற்பாடு. 2022-ல் அந்தத் தூரம் குறைந்தது. லண்டனுக்குப் போகும் பணத்தைக் குறைத்து மற்ற ஊர்களுக்குக் கொடுங்கள் என்று அரசு சொன்னது. நவம்பரில் பட்டியல் வந்தபோது, ஆண்டுக்கு 1.2 கோடி பவுண்டுக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்த இங்கிலீஷ் நேஷனல் ஓபரா அதில் இல்லை. லண்டனை விட்டுக் கிளம்பினால் தனி உதவி உண்டு என்றார்கள். கடும் எதிர்ப்புக்குப் பிறகு கொஞ்சம் அவகாசம் கொடுத்தார்கள். 2023 டிசம்பரில் அந்த நிறுவனம் மான்செஸ்டரைத் தேர்ந்தெடுத்தது.

சின்ன ஊர்களுக்குப் பணம் போக வேண்டும் என்ற நோக்கம் நியாயம். அதை அமைச்சர் உத்தரவாகச் செய்தபோது, நாளைக்கு வேறு காரணத்துக்காகவும் அவர் உத்தரவு போடலாம் என்ற பயம் வந்தது. அந்தப் பயமும் நியாயம்.

குமரிக்காரர்களுக்கு இன்னும் பக்கத்தில் ஓர் உதாரணம் உண்டு. 1956 நவம்பர் 1 வரை இந்த மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. அந்தப் பக்கம் போன கேரளம் சங்கீத நாடக அகாடமியைத் திருச்சூரில் வைத்தது, நாட்டுப்புறக் கலை அகாடமியைக் கண்ணூரில் வைத்தது. இரண்டுமே தலைநகரத்தில் இல்லை. இடம் மாற்றினால் எல்லாம் சரியாகும் என்பதில்லை. ஆனால் தெய்யம் ஆடுகிற ஊரிலேயே தெய்யத்துக்கான அலுவலகம் இருப்பது, மனு கொடுக்கப் போகிறவருக்குப் பெரிய விஷயம்.

அப்போ அரசு எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும்?

இந்தக் கேள்வியை இந்தியா நான்கு முறை கமிட்டி போட்டுக் கேட்டிருக்கிறது. 1964-ல் பாபா கமிட்டி, 1970-களின் தொடக்கத்தில் கோஸ்லா கமிட்டி, 1990-ல் அறிக்கை கொடுத்த ஹக்சர் கமிட்டி, 2014-ல் அபிஜித் சென்குப்தா கமிட்டி. எல்லாமே டெல்லி அகாடமிகளைப் பற்றியவை. தன்னாட்சியைத் தொடாமல் கணக்குக் கேட்பது எப்படி என்பதே நான்கிலும் மையக் கேள்வி. கேட்டுக்கொண்டே இருக்கும்போது, 2015-ல் லலித் கலா அகாடமியின் நிர்வாகத்தை மத்திய அரசே நேரடியாக எடுத்துக்கொண்டது.

அமைச்சரோ அதிகாரியோ பாட்டுக்கு மார்க் போட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அது நடந்தால் இதைவிட மோசம். தேர்வைக் கலை தெரிந்தவர்கள் செய்யட்டும். யார் அந்தக் குழுவில் இருந்தார்கள், எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எந்த மாவட்டத்தில் இருந்து, குழுவில் இருந்தவரின் சிஷ்யர் பட்டியலில் இருந்தால் அவர் அந்த நேரத்தில் எழுந்து வெளியே போனாரா? இவற்றை மட்டும் இணையத்தில் போடலாம். சாலை போடும் டெண்டருக்கே இது முடிகிறது என்றால், கலைக்கு முடியாமல் போகக் காரணம் இல்லை. 'கலையை அளக்க முடியாது' என்பது அழகான வாக்கியம்தான். ஆனால் அதை அதிகம் சொல்வது பட்டியலில் இடம் கிடைத்தவர்கள்.

இப்போதே என்ன கேட்கலாம்?

புதுச் சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் 4-வது பிரிவு, உதவித் திட்டங்களுக்கு ஒதுக்கிய தொகையையும் பயனாளிகள் விவரத்தையும் யாரும் கேட்காமலேயே அலுவலகங்கள் வெளியிட வேண்டும் என்கிறது. வெளியிடவில்லை என்றால் கேட்கலாம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய ஒரு வெள்ளைத்தாள் போதும், ஆன்லைனிலும் அனுப்பலாம். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு, அதற்கும் மேலே தகவல் ஆணையம்.

கேள்வி குறிப்பாக இருந்தால் பதிலும் குறிப்பாக வரும். கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்து நல வாரியத்தில் பதிவு செய்த வில்லிசைக் கலைஞர்கள் எத்தனை பேர், புதுப்பிக்காமல் காலாவதியான அட்டைகள் எத்தனை? கடந்த ஐந்து ஆண்டுகளில் மாத உதவித்தொகைக்கு இந்த மாவட்டத்தில் இருந்து வந்த மனுக்கள், ஏற்றவை, நிராகரித்தவை, நிராகரித்த காரணம் என்ன? சங்கமம் விழாவுக்கான தேர்வுக் குழுவில் இருந்தவர்கள் யார், மதிப்பெண் பட்டியல் நகல் கிடைக்குமா? கலாக்ஷேத்ரா போன்ற மத்திய நிறுவனங்களுக்கும் இதே சட்டம்தான், அந்தந்த நிறுவனத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுத வேண்டும்.

அஞ்சுகிராமம் பக்கத்துக் குழுக்களில் பேரப்பிள்ளைகள் இன்ஜினீயரிங் முடித்து டெக்னோபார்க்கிலும் ஓஎம்ஆரிலும் வேலை பார்க்கிறார்கள். கொடைக்கு லீவு போட்டு வரும்போது தாத்தாவின் அட்டையை எடுத்துப் புதுப்பிக்கும் தேதியைப் பார்த்துவிட்டு, போனிலேயே அந்த மனுவையும் அடித்துவிடலாம். மாநிலத் திட்டங்களுக்கு அனுப்ப வேண்டிய முகவரி: பொதுத் தகவல் அலுவலர், கலை பண்பாட்டு இயக்ககம், தமிழ் வளர்ச்சி வளாகம், ஆல்சு சாலை, எழும்பூர், சென்னை.